முப்பத்தெட்டாவது கதவு

முப்பத்தேழு கதவு தட்டியாயிற்று. அவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

ஒன்பது வீட்டில் நாய். பதினோரு வீட்டில் ஆள் உள்ளே இருந்துகொண்டே இல்லை. வாசல் மணியில் இருக்கும் கேமரா மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்தது.

தமிழ் வீடுகள் இன்னும் மோசம். உட்கார வைத்து முறுக்கு கொடுப்பார்கள். ஊரில் எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். ஓட்டு யாருக்கு என்று கேட்டால் மட்டும் பிடி கொடுக்க மாட்டார்கள்.

“எங்க வீட்ல அரசியலே பேசறதில்லைங்க. நிம்மதியா இருக்கோம்” என்றாள் முப்பத்தேழாவது வீட்டுக்காரி, துண்டுப் பிரசுரத்தை எண்ணெய்க் கையால் வாங்கிக்கொண்டு.

நிம்மதியாம். ஒன்பது ஓட்டில் போன தொகுதியில் நிம்மதி!

அட்லாண்டாவுக்கு வடக்கே இந்தப் புறநகருக்கு அவள் குடிவந்த புதிதில் தேர்தல் என்பது ஒரு சடங்கு. ஒரு கட்சி நிற்கும். அதுவே ஜெயிக்கும். இன்னொன்று பல இடங்களில் ஆளைக்கூட நிறுத்தாது. பிறகு வீடுகள் முளைத்தன. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். இப்போது ஒரு தெரு இந்தப் பக்கம் என்றால் அடுத்த தெரு அந்தப் பக்கம்.

போன முறை மாநிலச் சட்டசபைத் தொகுதியை அவள் கட்சி இழந்தது ஒன்பதே ஓட்டில்.

அந்த ஒன்பது பேர் யார்?

இரண்டு வருடமாக அவளைத் தின்ற கேள்வி இதுதான். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் முதுகைச் சந்தேகமாகப் பார்ப்பாள். அடுத்த தெரு சங்கரலிங்கம் வீட்டுக் கொலுவுக்கே போகவில்லை. தேர்தலுக்கு மறுநாள் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு சரியில்லை.

அன்று முடிவு வந்ததும் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். கணவர்தான் காபி போட்டுக் கொடுத்தார்.

“நம்ம கையில என்ன இருக்கு கோமதி” என்றார்.

இந்த முறை விடுவதில்லை என்று தொண்டராகச் சேர்ந்தாள். கட்சி ஆபீசில் பயிற்சி கொடுத்தார்கள். நம் பக்கம் இருப்பவர்களின் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதே. ஃபோனில் வரும் பட்டியலில் மதில்மேல் இருப்பவர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் மட்டுமே இருப்பார்கள். முடியாது என்று சொன்னால் ‘மறுப்பு’ என்று போடு. அந்த வீட்டுக்கு இனிமேல் போகாதே. கதவைத் திறக்காவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று போடு. அங்கே மறுபடி போக வேண்டும்.

இன்னும் ஒரே கதவு. முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும்.

பட்டியலைத் தள்ளினாள்.

ஆவுடையப்பன், சி. வயது 54.

பெயர் கணவர் பெயர். விலாசம் அவள் விலாசம்.

சிரித்துவிட்டாள். கட்சி ஆபீஸ் கம்ப்யூட்டரின் லட்சணம் இது. தலையில் அடித்துக்கொண்டு பெயரை அழுத்தினாள்.

ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் ஒரு தேர்தல் நடக்கும். அதில் யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம். எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கினோம் என்பது ரகசியமில்லை. அது பதிவாகும். அதையும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பெயருக்குக் கீழே மூன்று தேதிகள் இருந்தன.

மூன்றிலும் எதிர்க்கட்சிச் சீட்டு.

மூன்று தடவையும் சட்டையில் ‘வாக்களித்தேன்’ ஸ்டிக்கரோடு சிரித்துக்கொண்டே வந்த மனிதர். அதை ஃபோட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டவள் அவள்தான்.

இருபத்தாறு வருடம். சட்னியில் உப்புக் குறைந்தால் சொல்லத் தெரிகிறது. இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வாராவாரம் தொண்டர்களுக்கு எலுமிச்சம் சாதம் கிளறிக் கொடுத்தது வேறு! வாசல் புல்லில் அவள் கட்சிப் பலகையை நட்டதும் அவர்தான். காற்றில் சாய்ந்துவிடக் கூடாது என்று சுத்தியலால் தட்டித் தட்டி நட்டார்.

ஊரெல்லாம் தேடிய ஒன்பது பேரில் ஒருவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

அவர் ஓட்டை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஏழு ஓட்டில் தோல்வி. அப்படியும் தோல்விதான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அது கண்ணில் தண்ணியாக வந்து தொலைத்தது.

சாவி பையில்தான் இருந்தது. மணியை அழுத்தினாள்.

கரண்டியும் கையுமாக வந்து கதவைத் திறந்தார். கடுகு தாளித்த வாசனை அவரோடு வந்தது.

“சாவி எடுத்துட்டுப் போகலையா?”

அவள் நகரவில்லை. மிதியடியில் நின்றபடியே, முப்பத்தேழு வீட்டில் ஒப்பித்ததை ஒப்பித்தாள். தன் பெயர். கட்சி. வேட்பாளர். உங்கள் ஆதரவை நம்பலாமா?

அவர் சிரித்தார். பிறகு அவள் கையிலிருந்த ஃபோனில் தன் பெயரைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போது பார்த்து அதைக்கூடச் சொல்லாத மனிதரை என்ன செய்வது?

“சாதம் ஆறிடும், வா” என்றார்.

அவள் விரல் ‘மறுப்பு’ மேல் போய் நின்றது. வெகுநேரம் நின்றது.

பிறகு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தபடியே ‘ஆள் இல்லை’ என்பதை அழுத்தினாள்.

மறுபடி யார் வருவது என்று ஃபோன் கேட்டது. தன் பெயரைப் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.