பக்கத்துக் கட்டில் பெரியம்மா

"அக்கா, குழந்தை தொண்டை கிழியக் கத்துது. போய்ப் பால் குடுத்துட்டு வாங்க" என்றாள் தையல்காரி.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில், தையல்காரியின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "அழட்டும். எம்புள்ளைய அப்புறம் பார்த்துக்கலாம். இப்போ எனக்கு நம்ம வாயாடிதான் முக்கியம்."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு அடுத்தவள் பிள்ளைக்காகக் காவல் இருக்கும் ஒருத்தியை அவள் இத்தனை வருஷ வேலையில் பார்த்ததில்லை. "நீங்க நல்லா இருப்பீங்கம்மா" என்று மனசாரச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

உள்ளே படுத்திருந்தது தையல்காரியின் ஒரே மகள். ஓயாமல் பேசுவதால் குழந்தைகள் வார்டு முழுக்க அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். இதயத்தின் தசை தளர்ந்து போய்விட்டது, வேறு இதயம் வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொல்லி மாதக்கணக்கில் கட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்தான் டீச்சருடைய கைக்குழந்தை. அவனுக்குப் பிறவியிலேயே வால்வு ஒன்று பழுது. செயற்கை வால்வு வைத்தால் பிள்ளை வளர்வான், வால்வு வளராது. உயிருள்ள வால்வு கூடவே வளரும். ஆனால் அதற்காக ஒரு நல்ல இதயத்தை வெட்ட மாட்டார்கள். யாருக்கும் முழுதாகப் பொருத்த முடியாமல் வீணாகப் போகிற இதயம் வந்தால்தான் உண்டு.

இன்று காலை வந்த இதயம், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனுடையது. அது கொஞ்சம் சேதப்பட்டிருந்தால், அதன் வால்வு டீச்சர் பிள்ளைக்குப் போயிருக்கும். ஒரு குறையும் இல்லாமல் இருந்ததால் முழுதாக வாயாடிக்கு வந்துவிட்டது.

அது தையல்காரியின் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. "உங்க புள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டேனே அக்கா."

"லூசு மாதிரி பேசாதே. ரெண்டும் நம்ம புள்ளைங்கதான்."

வெறும் வாய் வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்க்க வந்த வாயாடியின் சொந்த மாமனையே, "சளியோட உள்ள வராதீங்க" என்று வார்டு வாசலோடு திருப்பி அனுப்பியவள் டீச்சர். வாயாடி பாதி சாப்பாட்டை மிச்சம் வைத்தால், பின்னாலேயே நின்று கெஞ்சிக் கொஞ்சி ஊட்டியவளும் அவள்தான்.

போன வாரம் தையல்காரி பயந்துபோய்த் துணிமணிகளை மூட்டை கட்டினாள். "பொழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்றாரு. இந்த ஆபரேஷனே வேணாம் அக்கா. இருக்கிற வரைக்கும் எம்மடியில இருந்துட்டுப் போகட்டும்."

டீச்சர் மூட்டையைப் பிடுங்கி அவிழ்த்துக் கொட்டினாள். "பெத்தவளா நீ? வர்ற உயிரை வேணாங்கிறியே!" அவள் போட்ட சத்தத்தில் தையல்காரி அடங்கிப்போனாள். நேரே டாக்டரிடம் போய், "எதை வேணா எடுங்க, என்ன வேணா பண்ணுங்க. எம்பொண்ணு பொழைச்சா போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் வாயாடிக்கு வாய் ஓயவில்லை. "பெரியம்மா, பாப்பாவுக்குக் கதவுதான் ரிப்பேராம். எனக்குக் கதவெல்லாம் சூப்பரா இருக்காம், வீடுதான் இடிஞ்சு போச்சாம். டாக்டர் சொன்னாரு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்து, குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

நடுவில் ஒரு நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள். "பழைய இதயத்தை நல்லபடியா எடுத்தாச்சு. இனிமே புதுசை வைக்கணும்."

"அப்பாடா!" என்று டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"இன்னும் வைக்கலையே அக்கா" என்றாள் தையல்காரி.

மதியம் கழிந்து தியேட்டர் கதவு திறந்தது. சர்ஜன் முகமூடியை இறக்கிவிட்டுத் தையல்காரியிடம் வந்தார். "என்னென்னவோ பண்ணிப் பார்த்தோம்மா. வெச்ச இதயம் துடிக்கவே இல்லை."

தையல்காரி அப்படியே சரிந்து டீச்சரின் மடியில் விழுந்தாள். "மூட்டை கட்டினேனே அக்கா... கூட்டிட்டுப் போயிருந்தா எங்கிட்டயே இருந்திருப்பாளே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். பெற்ற வயிறு பற்றி எரிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

டீச்சரும் அழுதாள். அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் சொன்ன நாக்கு அழுகிப் போகும்.

ஆயா ஓடிவந்து தையல்காரியைத் தாங்கிக்கொண்டாள். டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சர்ஜனின் பின்னாலேயே ஓடினாள். அவர் நின்றார்.

"நீங்கதாம்மா அவங்களுக்குத் தைரியம் சொல்லணும்."

"சொல்றேன் டாக்டர்." டீச்சர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளோட பழைய இதயத்து வால்வு கெடாம இருக்குல்ல?"