கூடம் கோணல்

பெட்டியைத் தூக்கித் துடைத்தபோதுதான் அதன் முதுகில் ஒரு பொத்தான் இருப்பதை அருண்பாண்டி பார்த்தான்.

மிளகு அளவில் கறுப்பாக ஒரு பொத்தான். பக்கத்தில் ‘பேட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கிட்டாரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் சத்தத்தை ஏற்றுகிற இன்டர்ஃபேஸ் பெட்டி அது. வாங்கிய அன்றைக்கே மேசையில் சுவரை ஒட்டி வைத்தவன், அதன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். முதுகைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

சமயநல்லூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் கூட்டாளி நல்லகாமனுக்குப் போன் போட்டான்.

“உங்க வீட்டுல இருக்கிறது பேட்டரி போட்ட கிட்டாருல்ல மாப்ள? அது கத்துற கத்துக்கு அந்தப் பொத்தான அமுக்குனாத்தான் பெட்டி தாங்கும். இம்புட்டு நாளா அமுக்காமயா ஓட்டுன?”

நல்லகாமன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

கல்யாணமான புதிதில், இதே ஆனையூர் வீட்டு மாடியறையில், சுபலட்சுமி கிட்டாரை மாட்டிக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடிப்பாள். சத்தம் தாங்காமல் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே போகிற சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கெயின் திருகைக் கடைசிவரை குறைத்தாலும் எரியும். பதிவைத் திறந்து பார்த்தால், இளநீரைச் சீவினமாதிரி ஒவ்வோர் அலையும் தலை போய்த் தட்டையாக நிற்கும். கேட்டால் கரகரவென்று காது கிழியும். உள்ளே போகும்போதே வெட்டுப்பட்ட சத்தத்தை, பின்னால் எந்தக் கொம்பன் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

“பெட்டியில ஏதோ கோளாறு மாமா. யார்கிட்டயாவது காட்டுவோம்” என்று அவள் சொல்லத்தான் செய்தாள்.

இவன் கேட்டானா? நாலு வீடியோ பார்த்துவிட்ட மிதப்பு. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றான். அதையும் அவளுடைய அண்ணனும் மதினியும் வந்திருந்தபோதுதானா சொல்ல வேண்டும்? எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

இத்தனைக்கும் அந்த அடியில் விழுந்துதான் அவளைக் கட்டினான். மேலூர் ரோட்டுக் கல்லூரியில் ஆண்டுவிழா. பாதிப் பாட்டில் கம்பி அறுந்தும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனாள் அந்தப் பெண். முன்வரிசையில் இருந்த முதல்வர் காதைப் பொத்திக்கொண்டார். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அருண்பாண்டி அங்கே நின்றபடியே முடிவு செய்தான்.

கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து, மெதுவா, மெதுவா என்றான்.

சொல்லச் சொல்ல அவளும் கேட்டுக்கொண்டாள். கம்பியை அடிக்கிற தடித்த பிக் வில்லையை விட்டுவிட்டு மெல்லியதை எடுத்தாள். பிறகு அதையும் வைத்துவிட்டு விரல் சதையால் வருடினாள். சிவப்பு எரிவது நின்றது. “இப்பத்தான் கை படிஞ்சிருக்கு” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவன் பெருமை வேறு பேசினான். மடையன்.

கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது.

சரி, போனது போகட்டும். இன்றைக்காவது அந்த அடியைக் காது குளிரக் கேட்டுவிட வேண்டும். கேட்ட கையோடு, தப்பு என்மேலதான் என்று அவளிடம் சொல்லிவிடவும் வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டு, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான். கிட்டாரை அவனே எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டான். மேசை இழுப்பறையைக் குடைந்து தடித்த பிக் ஒன்றைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தான்.

“காலேஜ்ல அடிச்சியே, அந்த மாதிரி ஓங்கி அடி சுபா. இன்னைக்குச் சிவப்பு வராது.”

அவள் அவனை ஒருமாதிரியாகப் பார்த்தாள். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

அதே பாட்டுத்தான். ஒரு சுரம் பிசகவில்லை. சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு வரிசையில் ஆக அடியில் இருக்கும் புள்ளி மட்டும் மினுக்கென்றுவிட்டு அணைந்தது.

பொத்தானை அமுக்கினால் சத்தம் இறங்கத்தானே செய்யும் என்று கெயினைக் கூட்டினான். இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னான்.

“ஓங்கித்தான மாமா அடிக்கிறேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. தோள் ஏறி இறங்கியது. நெற்றியில் வேர்வைகூடப் பூத்திருந்தது. ஆனால் ஓங்கிய கை, கம்பிக்குப் பக்கத்தில் வந்ததும் தானாகவே தயங்கி, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிறமாதிரி தொட்டது.

அருண்பாண்டி பெட்டியின் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய், அவளுக்குத் தெரியாமல், அமுக்கியிருந்த பொத்தானை விடுவித்துவிட்டான். இப்போது பெட்டி பழைய பெட்டிதான். கெயின் வேறு பாதிக்குமேல் ஏறியிருந்தது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிந்து தொலையேன், ஒரே ஒரு தடவை எரிந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

எரியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள் சுபலட்சுமி. சட்டென்று உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிப் பாட்டை நிறுத்தினாள்.

“கூடிப்போச்சா மாமா? இன்னும் கொஞ்சம் கொறச்சு வாசிக்கவா?”