அடுத்த சுற்று

ஊரடங்கில் உடற்பயிற்சிக்கு மட்டும்தான் வெளியே வரலாம். நடப்பவர் நின்றாலோ வந்த வழியே திரும்பினாலோ, எல்லோர் கையிலும் கட்டியிருக்கும் கண்காணிப்புக் கைப்பட்டை சிவந்துவிடும். உடனே வீடு திரும்ப வேண்டும். அதனால் வசுமதி, அம்மா தனியாக இருக்கும் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அம்மா முதல் மாடி பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு சுற்றில் கேள்வி, அடுத்த சுற்றில் பதில்.

“சாப்ட்டியாம்மா?” என்று கேட்டபடி கடந்தாள்.

சுற்றி வந்தபோது அம்மா சொன்னாள்: “ரசம் வச்சேன். நெஞ்சுதான் ஒரு மாதிரி அடைக்குது.”

“எப்பலேர்ந்து?” என்பதற்குள் மூலை வந்துவிட்டது.

அடுத்த சுற்றில் அம்மாவின் தலை கம்பியில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டும் நிமிரவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்களும் திறக்கவில்லை. மாடிக்கதவு அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும். வசுமதியின் கால் தயங்க, கைப்பட்டை அதிர்ந்தது. நடந்தபடியே உதவி எண்ணை அழைத்தாள்.

“உங்கம்மா பட்டையில ஓய்வுன்னுதான் காட்டுது மேடம்,” என்றான் அங்கிருந்தவன். “நீங்க நிக்காதீங்க. நின்னா வீட்டுக்கு அனுப்பிடும்.”

வீட்டுக்குப் போய்விட்டால் அம்மாவைப் பார்க்கக்கூட முடியாது. பால்கனி மறுபடி கண்ணுக்குத் தெரிய, கட்டடத்தை முழுக்கச் சுற்றியாக வேண்டும். வசுமதி ஓடினாள்.

கைப்பட்டை பச்சையாக ஒளிர்ந்து, நல்ல வேகம் என்று பாராட்டியது.