முன்னால் போன பெட்டி

மலை ரயிலில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டி முன்னால் போகும். அதனால், தான்தான் ரயிலை இழுத்துப் போவதாகப் பெட்டிக்கு நினைப்பு. ஒருநாள் ஏற்றத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது.

"உனக்குத் தாகம்னா நான் ஏன் காத்திருக்கணும்? கொக்கியைக் கழற்று, நான் போறேன்" என்றது பெட்டி.

"சரிங்க" என்று கழற்றிவிட்டு, என்ஜின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பின்வாங்கியது.

பெட்டி மூச்சைப் பிடித்து முன்னே பாயப் பார்த்தது. சக்கரங்களோ பின்னால் உருண்டன. பக்கத்திலேயே பள்ளத்தாக்கு.

"ஐயோ, பிடி! பிடி!"

என்ஜின் குடிப்பதை விட்டு ஓடிவந்து, நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டது. பெட்டிக்கு ஜன்னலெல்லாம் நடுங்கியது.

மரத்திலிருந்த குரங்கு கேட்டது: "என்னண்ணே, திரும்பிட்டீங்க?"

"என்ன செய்றது? பாவம், அது தனியா வந்தா பயப்படும். அதான் கூட்டிப்போக வந்தேன்" என்றது பெட்டி.