பிடிவாதக்காரி

"நல்ல வேலை, நல்ல சம்பளம். எல்லாத்தையும் விட்டுட்டு அந்த மனுஷனைப் பெட்டி கட்ட வச்சிட்டியேடி! உனக்கே இது அடுக்குமா?"

கேட்டது எதிர்வீட்டு அக்கா. சலவைக் கடையில் துணி மடிக்கிற வேலை. கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் 'ரேடியோ அக்கா'. அவள் காதில் ஒரு சேதி விழுந்தால், லிஃப்ட் வருவதற்குள் அது தரைத்தளத்துக்குப் போய்விடும்.

இந்தக் குளிர் நாட்டை விட்டு ஊரோடு திரும்பிப் போகிற தம்பதிக்கு மூட்டை கட்டிக் கொடுக்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உதவியும் நடந்தது, திட்டும் நடந்தது.

"குளிர் ஒத்துக்கலக்கா," என்றாள் வீட்டுக்காரி, தட்டுகளுக்கு நடுவே பழைய பேப்பரைச் சொருகிக்கொண்டே.

"இத்தனை வருஷம் ஒத்துக்கிட்ட குளிர் இப்பத்தான் ஒத்துக்காமப் போச்சாக்கும்!"

"மூட்டெல்லாம் வலிக்குது."

"எனக்கும்தான் வலிக்குது. நான் என்ன, ஓடியா போயிட்டேன்? ரெண்டு சாக்ஸைச் சேர்த்து மாட்டிக்கிட்டுக் கிடக்கலையா?"

வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தாள். போன் அடித்தது. ஊரிலிருந்து மாமியார். "என் புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே" என்பது ஹால் முழுக்கக் கேட்டது.

"ஆமா அத்தை... என் தப்புதான் அத்தை... என்னால இங்க இருக்க முடியல அத்தை."

நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும் என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க என்னவோ போலிருந்தது. நாளையிலிருந்து எதிர்க்கதவு பூட்டிக் கிடக்கப் போகிறதே என்கிற ஆற்றாமைதான் அவள் திட்டில் பாதி. இதுபோல இன்னொருத்தி கிடைப்பாளா?

"குப்பையைக் கீழே போட்டுட்டு வந்துடறேன்க்கா," என்று வீட்டுக்காரி இறங்கிப் போனாள்.

படுக்கையறையில் அவள் புருஷன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அக்கா அங்கே போய் நின்றாள்.

"உங்க பொறுமைக்குக் கோயில்தான் கட்டணும் தம்பி. வேற ஒருத்தரா இருந்தா, 'நீ வேணா போடி, நான் வரல'ன்னு அனுப்பியிருப்பாரு."

அவர் டேப்பைக் கீழே வைத்தார்.

"அவளைத் திட்டாதீங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆபீஸ்ல என்னை எப்பவோ நிறுத்திட்டாங்க."

ரேடியோவிடம் போய் ரகசியம் சொல்கிறார் என்றால், மனுஷனுக்கு எவ்வளவு கனத்திருக்க வேண்டும்!

"என்ன தம்பி சொல்றீங்க? தினமும் காலையில டை கட்டிக்கிட்டுப் போனீங்களே!"

"பார்க்குக்குத்தான் போனேன். இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தப்போ, இவளே குளிர் ஒத்துக்கல, ஊருக்குப் போயிடலாம்னு ஒத்தக்கால்ல நின்னா. கடவுளே இவ வாயில வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சுக்கா. வேலை போயித் திரும்பி வந்தான்கிற பேர் எனக்கு வேண்டாம்னு நானும் பேசாம இருந்துட்டேன். பாவம், ஒண்ணும் தெரியாம எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறா. ஊர்ல ஒரு வேலை கிடைச்சதும் முதல்ல அவகிட்டதான் சொல்லுவேன்."

அக்காவுக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தக் குடியிருப்பின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

கீழேயிருந்து திரும்பி வந்தவளை அக்கா சமையலறைக்கு இழுத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நான் திட்டினதை மனசுல வச்சுக்காத. என்ன?"

அவள் அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"சொல்லிட்டாராக்கா?"

"அடிப்பாவி! உனக்குத் தெரியுமா?"

"ஷ்ஷ்... மெதுவாப் பேசுங்கக்கா. சாப்பாட்டு டப்பாவை ஆபீஸ்ல கழுவித்தான் கொண்டுவருவார். ஒரு நாள் கழுவாம வந்துச்சு. மறதின்னு விட்டுட்டேன். அப்புறம் தினமும் அப்படியே வந்துச்சு. ஒரு நாள் பின்னாடியே போய்ப் பார்த்தேன். அந்தப் பனியில, பார்க் பெஞ்சில உக்காந்து, ஆறிப்போன சாப்பாட்டைக் கை நடுங்க நடுங்கச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்."

அவள் குழாயைத் திறந்து, குப்பை போட்ட கையைக் கழுவினாள்.

"அந்தக் குளிர்தான்க்கா எனக்கு ஒத்துக்கல. மத்தபடி இந்த ஊர் எனக்கு உசிரு. உங்களை விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா?"

"மாமியார் அந்தக் கிழி கிழிக்கிறாங்களேடி."

"கிழிக்கட்டும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்க்கா. அவரா சொல்ற அன்னிக்குக் கேட்டுக்கறேன்."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. வழியனுப்பக் குடியிருப்பே கூடியிருந்தது. முதல் மாடிக்காரர் சும்மா இருக்காமல் ஆரம்பித்தார்.

"என்ன சார், திடீர்னு கிளம்பிட்டீங்க? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

புருஷனின் முகம் வெளிறிப் போயிற்று. பெட்டியை டாக்ஸியில் ஏற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"ஆபீஸ்ல என்ன பிரச்சினை? அவங்க இவரைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க!" அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "எல்லாம் இந்த மகராசி பண்ணின வேலை! மகாராணிக்குக் குளிர் தாங்காதாம்! சொன்னாக் கேக்கிற ஜென்மமா இது? பிடிவாதக்காரி! இவளைக் கட்டின பாவத்துக்கு அந்தத் தங்கமான மனுஷன் ராஜா மாதிரி இருந்த வேலையை உதறிட்டுப் போறாரு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. முதல் மாடிக்காரர் 'ப்ச்' கொட்டினார். அக்கா விடாமல் திட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

கடைசியில் பிடிவாதக்காரியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"போதுமாடி கண்ணு, இன்னும் கொஞ்சம் திட்டவா?"