சீரியஸ் என்று மட்டும்

“அப்பா சீரியஸ்டா. இன்னைக்கே கிளம்பி வா.”

சொன்னதுமே வானதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிங்கப்பூரில் தம்பி பரணிதரன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கண்மூடிக் கிடந்தார். இன்றிரவு தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அப்பா கேட்டதெல்லாம் தம்பியைத்தான். குரலாவது காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

சீரியஸாகப் படி என்று அப்பாவிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவன் தம்பி. வானதியைப் பெண் கேட்டு வந்தவர்கள் சீரியஸாகத்தான் கேட்கிறார்களா என்று வீட்டில் ஒரு மாதம் ஆராய்ச்சி நடந்தது. ஆனால் அவர்கள் ஊரான நன்னிலம் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போன் போட்டு அந்தச் சொல்லைச் சொன்னால், ஆள் போயாச்சு என்று அர்த்தம்.

போன வருஷம் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அவன் அம்மாவுக்குச் சத்து மாவு டப்பா வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

“எப்பக்கா?” என்றான் இப்போது.

“உயிரோட இருக்காருடா! சத்தியமா!”

“அம்மாவுக்கும் சத்தியம்தானே பண்ணினே? ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடுக்கா. வேலையை ஒப்படைச்சிட்டு நாளன்னிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் எடுத்துடாதீங்க.”

வீடியோவில் காட்டுகிறேன் என்று கெஞ்சினாள். அந்த முகத்தைப் போனில் பார்க்க மாட்டேன் என்று அழுதபடியே வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செத்திருந்தால் நாளன்றைக்கு வரை வைத்திருக்கலாம். உயிரோடு இருப்பவரை எப்படி வைத்திருப்பது? தம்பி மேல் ஆத்திரமாக வந்தது. ஊர் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்புறம்தான் ஸ்பீக்கர் நினைவு வந்தது. திரும்பினாள்.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. மூக்கிலிருந்த மாஸ்க்கை மெல்ல நகர்த்தினார்.

“வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவானே, பாவம்” என்றார்.

அம்மா போன அன்றைக்கும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, “சீரியஸ்னு மட்டும் சொல்லும்மா” என்று போனை வானதியின் கையில் கொடுத்தவரும் அவர்தான்.