நகக்கீறல்

வாசல் ஓரத்தில் ஒரு குட்டை மாதுளையும் ஒரு குரோட்டன்ஸ் செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மாதுளை இடுப்பு உயரத்துக்கு மேல் வளராது. கோடை முழுக்கச் செக்கச்செவேலென்று பூக்கும். பனிக்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும்.

அந்த நாட்களில் வீட்டுக்காரம்மா அம்சவேணி காலையில் எழுந்ததும் நேரே அதனிடம்தான் வருவாள். பட்டுப்போய்விட்டதோ என்று பயந்து, தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரிந்ததும், “உசுரு இருக்குடா தங்கம்” என்று தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

குரோட்டன்ஸுக்கு வயிறு எரிந்தது.

“பூத்தப்ப உன்னைக் கொஞ்சினா, சரி. மொட்டையா நிக்கிறப்பவும் கொஞ்சணுமா? நான் வருஷம் முழுக்க ஓர் இலை வாடாம நிக்கிறேன். ஒருநாளாவது என்னைத் தொட்டிருப்பாளா?”

“அது கொஞ்சல் இல்லக்கா. நகம் பட்ட இடம் எரியும்.”

“எரியட்டுமே! எனக்குப் படாமலே எரியுது.”

அன்றிலிருந்து குரோட்டன்ஸ் தன் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. “உனக்கு இது ஆகாதுக்கா” என்று மாதுளை கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி இலையும் விழுந்த மறுநாள் அம்சவேணி அதன் முன்னால் வந்து நின்றாள். குரோட்டன்ஸ் தண்டை நிமிர்த்திக் காத்திருந்தது.

அவள் கீறிப் பார்க்கவில்லை. “இது செத்துப்போச்சுங்க” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, குனிந்து வேரோடு பிடுங்கினாள்.

குப்பைமேட்டுக்குப் போகும் வழியெல்லாம் குரோட்டன்ஸ் மாதுளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

“பாத்தியாடி? ரெண்டு கையாலயும்!”